இரண்டு கோடு மருந்து

மார்ச் 3

அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். போலீசில் புகார் கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கிக்கொள். நான் காணாமல் போகவில்லை. நானாகக் கிளம்பி வந்து மூன்று வாரம் ஆகிறது.

இங்கே ஒரு பூட்டுக் கடையில் வேலை கிடைத்துவிட்டது. சாவி வெட்டுவது, பழைய பூட்டைப் பழுது பார்ப்பது, சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்கிறவர்களுக்குப் போய்த் திறந்துவிடுவது. கடைக்கு மேலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார் முதலாளி. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்க் குழாய். விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. போன் இல்லை. தூக்கி எறிந்துவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுது.

"பழையபடி ஆரம்பிச்சிட்டான், பாவம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாய். அதை நிறுத்து. நான் கிளம்பியதற்குக் காரணம், துணி சோப்புப் பெட்டிக்குப் பின்னால் நீ ஒளித்து வைத்திருந்த பாட்டில். மேலே இருமல் மருந்துச் சீட்டு ஒட்டியிருந்தாய். நகத்தால் உரித்தேன். அடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு. அதில் என் பெயர்.

பாட்டிலைப் பார்ப்பதற்கு முன்பே என் கைக்குத் தெரியும். சாவியின் பல்லை அரத்தால் ராவும்போது ஒரு மயிரிழை கூடிப் போனாலும் பூட்டு திரும்பாது. கை நடுங்கிக் கெடுத்த சாவிகளையெல்லாம் மாதாமாதம் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்தேன். போன வருடம் உன் மகளுக்கு ஆபரேஷன் என்று நீ ஒரு மாதம் அவள் வீட்டில் போய் இருந்தாயே, அந்த மாத டப்பாவில் கெட்ட சாவி நான்கு. நீ திரும்பி வந்த மறுமாதம் இருபத்தி இரண்டு. நான் பைத்தியமாக இருக்கலாம். எண்ணத் தெரியாதவன் இல்லை.

டாக்டரம்மாவிடம் நான் சொன்னேனா இல்லையா? "டீல எதையோ கலக்கறாங்க டாக்டர்" என்று உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ மூக்கை உறிஞ்சினாய். "பாருங்க டாக்டர், இத்தனை வருஷமா ஆக்கிப் போடறேன், என்னையே சந்தேகப்படறான்" என்றாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கோப்பில் எழுதினார். அன்றைக்குத்தான் மருந்தைக் கூட்டினார்கள். உண்மையைச் சொன்னதற்காக எனக்கு டோஸ் கூடியது. இப்படி ஒருத்தனுக்காவது நடந்திருக்கிறதா, கேட்டுச் சொல்.

ஆறு வருடம் உன் கையால் டீ குடித்திருக்கிறேன். இப்போது குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறேன். நன்றாக இருக்கிறது.

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

கலந்தேன். ஆமாம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இப்போது என்ன செய்யப் போகிறாய், தூக்கில் போடப் போகிறாயா?

சாவியை எண்ணினாயாம் சாவியை! வேறு சிலதையும் எண்ணியிருக்கலாமே. எத்தனை நாள் குளிக்காமல் கிடந்தாய் என்று எண்ணினாயா? விழுங்குகிற மாதிரி நடித்து எத்தனை மாத்திரையைப் பூத்தொட்டியில் துப்பினாய் என்று எண்ணினாயா? அந்த வீட்டில் அந்தச் செடி ஒன்றுதான் நிம்மதியாக இருந்தது.

நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. என் மகள் எட்டு மாத வயிற்றோடு வந்து இருந்தாள். "அவளைத் தூக்கிட்டுப் போக வந்துட்டாங்க" என்று அவள் அறைக் கதவுக்கு வெளியே மூன்று பூட்டுப் போட்டாய். காலையில் போட்டது, சாயங்காலம் வரைக்கும். உள்ளே அவள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக் கத்துகிறாள். நீ சுத்தியலோடு வாசலில் நிற்கிறாய். நீ போட்ட பூட்டைத் திறக்கத் தெரிந்த ஆள் அந்தத் தெருவிலேயே நீ ஒருத்தன்தான். கடைசியில் மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கதவையே கழற்றி எடுத்தார்கள். "இவனை எங்காவது கொண்டுபோய் விட்டுடுங்க அத்தை" என்று மாப்பிள்ளை சொன்னதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அவன் இருக்கிற வீட்டுக்கு வர இஷ்டமில்லைன்னா நீங்க வராதீங்க" என்றேன். இரண்டு வருடம் அவர் வரவில்லை.

மாத்திரை சாப்பிட மாட்டேன் என்றாய். கையைக் காலைக் கட்டி ஊசி போடவா? அப்போதுதான் டாக்டரம்மா இந்தத் தண்ணி மருந்தைக் கொடுத்தார். "சொல்லிட்டே குடுங்க, ஒத்துக்குவார்" என்றார். சொன்னால் நீ ஒத்துக்கொள்ளும் லட்சணம் எனக்குத் தெரியாதா? நிறமில்லை, வாசனையில்லை. கூட ஒரு சின்னக் குழாய், அதில் அளவுக் கோடு. முதலில் ஒரு கோடு, பிறகு இரண்டு கோடு.

ஆறாவது வாரம் நீயாக வந்து சவரக் கத்தி கேட்டாய். உன்னைத் திட்டுகிறது என்று நீ சொல்லிவந்த பக்கத்து வீட்டு ரேடியோவில் பாடுகிறவன் மூக்கால் பாடுகிறான் என்றாய். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தப் பாட்டில்தான் உன்னைத் திருப்பிக் கொடுத்தது. நான் அஞ்சாவதுக்கு மேல் படிக்காதவள்தான், ஆனால் அறுபது பெண்கள் தங்கியிருக்கிற விடுதிக்குச் சமைக்கிறவள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்த்துப் போடத் தெரியும். கை கொஞ்சம் நடுங்கினால் குடியா முழுகிவிட்டது? பச்சைக் குழந்தை கூடக் குடிக்கலாம் அந்த மருந்தை.

மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர்.

அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

பச்சைக் குழந்தை குடிக்கலாமா? அப்படியென்றால் நீ குடி.

சும்மா சொல்லவில்லை. நீ வைத்த அதே இரண்டு கோடு, அதே டீயில், காலையும் மாலையும். குடித்துவிட்டு எனக்கு எழுது.

"எதுக்குடா இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி நடக்கற, உட்காரேன்" என்று எத்தனை தரம் கத்தியிருக்கிறாய். உட்கார முடிந்தால் உட்கார மாட்டேனா? காலின் எலும்புக்குள்ளே எறும்பு ஊறும். உட்கார்ந்தால் எழுந்திரு என்னும், எழுந்தால் நட என்னும், நடந்தால் போதவில்லை என்னும். மறுபடி சில மாதம் நேர் எதிர். மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பேன். "சாப்பிடறதும் தூங்கறதும், துரைக்கு வேற வேலை இல்ல" என்பாய். காலையில் தலையணை நனைந்திருந்தால், "சின்னப் பிள்ளையா நீ, வாயை மூடிப் படு" என்பாய். எச்சில் என்னைக் கேட்டுக்கொண்டா வழிந்தது?

உன் பேத்தி என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள். நாற்பத்தொரு வயதில் நான் தாத்தா. அது போகட்டும். "ஏன் தாத்தா எப்பவும் கோவமா இருக்கார்?" என்று கேட்டாளே, ஞாபகமிருக்கிறதா? நான் கோபமாக இல்லை, அக்கா. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம். அவள் வரைந்த யானையைப் பார்த்துச் சிரித்தேன். முகத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இதையெல்லாம் நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னையே வைதுகொண்டிருந்தேன்.

இப்போது பார். உன் டீயை விட்டு ஐந்து வாரம் ஆகிறது. கை கல் மாதிரி நிற்கிறது. நேற்று ஒரு பழைய பெட்டகத்துக்கு மெஷினே இல்லாமல் அரத்தாலேயே சாவி ராவிக் கொடுத்தேன். முதல் தடவையே திரும்பியது. "இந்தக் கையை இத்தனை நாள் எங்கய்யா வெச்சிருந்தே?" என்றார் முதலாளி. எங்கள் அக்கா டீயில் வைத்திருந்தாள் என்று சொல்லவில்லை.

தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. எதிர் அறையில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஓயாத பேச்சு. கெட்டதாக ஒன்றும் பேசவில்லை. நான் என்ன செய்கிறேன் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். "இப்ப அரத்தை எடுக்கறான்." "இப்ப அக்காவுக்கு எழுதறான்." வேலை வெட்டி இல்லாதவர்கள் போலிருக்கிறது.

குடித்துவிட்டு எழுது.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

குடித்தேன்.

உன் வாயை அடைக்கத்தான் குடித்தேன், வேறெதற்கும் இல்லை. மூன்று நாள், அதே இரண்டு கோடு. "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று உனக்கு எழுதுவதற்குக் காகிதம் கூட எடுத்து வைத்துவிட்டேன்.

முதல் நாள் தூக்கம். நின்றுகொண்டே தூங்கினேன், வெங்காயத்தோடு விரலையும் நறுக்கப் பார்த்தேன். இரண்டாம் நாள் அந்த எறும்பு. நீ எழுதியிருந்ததால்தான் அப்படித் தோன்றுகிறது என்று என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. விடுதிச் சமையலறையில் கதவுக்கும் அடுப்புக்கும் எத்தனை தரம் நடந்தேனோ, பாத்திரம் தேய்க்கிறவள் "அக்கா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். எரிந்து விழுந்தேன். அதே மாதிரிதான் உன் மேல் விழுந்தேன் என்பது அப்போது உறைத்தது. அதற்கும் அவள் மேலேயே கோபம் வந்தது.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டு நேரம். வரிசையில் நின்ற பெண்களுக்குக் கரண்டியால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கழுத்து தானாக இடது பக்கம் திரும்பியது. நிமிர்த்தினால் நிமிரவில்லை. தாடை இறுகிவிட்டது, நாக்கு வெளியே வந்து நிற்கிறது. யாரோ என் தலையைப் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்கினார்கள். அத்தனை பெண்களும் பார்க்கிறார்கள். பேச வாய் வரவில்லை. எனக்குப் பக்கவாதம் என்று விடுதிப் பொறுப்பாளர் அழ ஆரம்பித்துவிட்டார். மகளுக்குச் சொல்லி, அவள் ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

நம் டாக்டரம்மாதான் பார்த்தார். ஓர் ஊசி போட்டார். கால் மணி நேரத்தில் கழுத்து நேராயிற்று. "என்ன சாப்பிட்டீங்க?" என்றார். சொன்னேன். ஏன் சாப்பிட்டேன் என்றும் சொன்னேன். ஆறு வருடக் கதையையும் சொல்லும்படி ஆகிவிட்டது.

அந்த அம்மாள் என்னை வைது தீர்த்தார். "உங்க வயசுக்கு இது விளையாட்டா? உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்" என்றார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு அலமாரியிலிருந்து உன் கோப்பை எடுத்தார். பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, "அவர் அன்னைக்குச் சொன்னது நிஜமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "நான் அதை நோய்னு எழுதி டோஸைக் கூட்டினேன்மா. நீங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தீங்க" என்றார். ஒருத்தரிடமும் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்ததில்லை நான்.

அவர் சொன்னதை எழுதுகிறேன். மூளைக்குள்ளே டோபமைன் என்று ஒன்று ஊறுகிறதாம். எது முக்கியம், எதைக் கவனி என்று அதுதான் மணி அடிக்குமாம். உனக்கு அது வேண்டாத நேரத்தில் எல்லாம் அடிக்கிறது. "ஒரு தெருவிளக்கு அணைஞ்சாக்கூட அது தனக்குத்தான் ஜாடைன்னு அவருக்குத் தோணும். நமக்குப் பொய். அவருக்கு அது மணி அடிச்ச நிஜம்" என்றார். அந்த மணியைத்தான் மருந்து அமுக்குகிறது. ஆனால் கையையும் காலையும் ஒழுங்காக ஆட வைப்பதும் அதே டோபமைன்தானாம். அங்கேயும் போய் அமுக்கிவிடுகிறது. அதுதான் உன் நடுக்கம், உன் எறும்பு, யானையைப் பார்த்துச் சிரிக்காத உன் முகம். "அவர் வந்து சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன். வேற மருந்து மாத்தியிருப்பேன். அவருக்கு மருந்து குடிக்கறதே தெரியாதுன்னா எப்படிச் சொல்லுவார்?" என்று கேட்டார்.

இன்னொன்றும் சொன்னார். மருந்தே இல்லாமல் விட்டால் முதலில் நன்றாகத்தான் இருக்கும், கை கூட நேராகிவிடும், சில வாரத்தில் குரல் வரும் என்று. எதிர் அறையில் இருக்கிற அந்த இரண்டு பேர் யாரடா? அவர்களைக் கண்ணால் பார்த்தாயா?

மறைக்காமல் எழுது. எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள். எழுத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது.

அக்கா

ஏப்ரல் 10

எழுதியவருக்கு,

என் அக்காவின் பெயரில் கடிதம் எழுதுவது யார் என்று எனக்குத் தெரியும்.

அவள் எழுத்து நேராக இருக்கும். கோடு போடாத காகிதத்திலும் கோடு போட்ட மாதிரி எழுதுவாள். இந்தக் கடிதத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஆடுகிறது. என் அக்காவுக்குக் கை நடுங்காது. நடுங்குவது என் கை. என் கையை வைத்தே எழுதியிருக்கிறீர்கள், நான் தூங்கும்போது எடுத்துக்கொண்டு போய். அதனால்தான் இப்போது என் கை இவ்வளவு நேராக இருக்கிறது. கணக்குச் சரியாக வருகிறது.

அவள் மருந்தைக் குடிக்க மாட்டாள். தப்பு செய்தேன் என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளவும் மாட்டாள். அவளைத் தெரியாதவர்கள்தான் இப்படி ஒரு கதையைக் கட்டுவார்கள்.

கதவில் நான்கு பூட்டு போட்டிருக்கிறேன். நான்கும் நானே செய்தவை. முதலாளியும் உங்கள் ஆள்தான். அவர் அரத்தை இழுக்கும்போது அந்தச் சத்தத்தில் என் பெயர் வருகிறது. இழுக்கும்போது பாதி, தள்ளும்போது பாதி. எதிர் அறைக்காரர்கள் முன்னே மாதிரி இல்லை, இப்போது உத்தரவு போடுகிறார்கள். தண்ணீர்க் குழாயையும் அடைத்துவிடு என்கிறார்கள். அதுவும் நியாயம்தான், அதிலும் கலக்கலாம் இல்லையா.

என் அக்காவை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அவள் இருக்கிறாள் என்றால் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 13

அடேய் முட்டாள்,

நான்தான். எழுத்து ஆடுகிறது என்று என்னையே வேறு ஆளாக்கிவிட்டாயா? நீ குடி என்றாய், நான் குடித்தேன், கை நடுங்கிற்று. நடுங்கிய கையால் எழுதினால் நீ அக்கா இல்லை என்கிறாய். உன்னை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வேன்?

உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது வேண்டுமா? வாங்கிக்கொள். ஐந்து வயதில் அலமாரிச் சாவியை விழுங்கினாய். அம்மா அடிப்பாள் என்று யாரிடமும் சொல்லாதே என்றாய். நானும் சொல்லவில்லை. இரண்டு நாள் கையில் குச்சியோடு உன் பின்னாலேயே அலைந்து, ஒவ்வொரு தடவையும் கிளறிப் பார்த்து, மூன்றாம் நாள் எடுத்துக் கழுவி அலமாரியிலேயே மாட்டினேன். அந்த நாற்றத்தை வேறு எவளாவது கடிதத்தில் எழுதுவாளா?

இப்போது இரண்டு வரி எழுதுகிறேன். இதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்காதே. நீ டாக்டரிடம் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்.

வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொல்கிறார்கள். என் பையில் மருந்து இல்லை. சாப்பாடும் கொண்டு வரவில்லை. ஒரு பாட்டில் தண்ணீர் கூட இல்லாமல் வெறும் கையோடு வருகிறேன். வேண்டுமானால் வாசலில் வைத்துப் பையைக் கொட்டிக் காட்டுகிறேன். யாரோடும் வரவில்லை. கதவை உடைக்கச் சொல்ல மாட்டேன். நீ திறக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். வீம்பில் உன்னைவிட நான் எட்டு வயது மூத்தவள்.

குழாயை அடைக்காதே. தண்ணீர் குடி.

அக்கா

ஜூன் 21

அக்காவுக்கு,

இப்போதுதான் பேனா பிடிக்க விட்டிருக்கிறார்கள் என்று நினைக்காதே. முதல் வாரத்திலிருந்தே பேனா இருக்கிறது. உனக்கு எழுத மனம் வரவில்லை.

நீ வந்த அன்றைக்கு என்ன ஆயிற்று என்று வார்டில் கேட்கிறார்கள். நர்ஸ் "உங்க அக்கா பேசிப் பேசிக் கதவைத் திறக்க வெச்சாங்களாமே?" என்றாள். பேசினாயா நீ? ஒன்பது மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு என்னை, என் முதலாளியை, அந்தக் கட்டிடத்தைக் கட்டின கொத்தனாரை, எல்லோரையும் திட்டினாய். கடிதத்தைப் போலியாக எழுதலாம். அந்தத் திட்டை எவனாலும் போலி செய்ய முடியாது. நடுவில் "எனக்கு ஒண்ணுக்கு வருதுடா, திற" என்றாய் பார், அதற்குத்தான் முதல் பூட்டைத் திறந்தேன். எதிர் அறையில் ஆளே இல்லை என்று பிறகு காட்டினார்கள். பழைய கதவுகளைப் போட்டு வைக்கிற அறை. அப்படியென்றால் அங்கே பேசினது யார் என்று இன்னமும் சில நாட்களில் யோசிக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு நீ கொண்டுபோகவில்லை, நானாகத்தான் வந்தேன். சேர்க்கைத் தாளில் கையெழுத்து என்னுடையது. இதை எல்லோரிடமும் சரியாகச் சொல். இங்கே இருக்கிற டாக்டர் சின்ன வயதுக்காரர். "இதுவரைக்கும் என்ன மருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். "டீ" என்றேன். சிரித்துவிட்டார். பிறகு கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

உன் டாக்டரம்மா மணி என்றார் இல்லையா. இவர் என் தொழில் என்ன என்று கேட்டுவிட்டுப் பூட்டு என்றார். டோபமைன் சாவி, அது நுழைகிற பூட்டு மூளை பூராவும் இருக்கிறது என்றார். மருந்து அந்தத் துவாரத்தில் போய் உட்காரும், ஆனால் திரும்பாது, அதனால் நிஜச் சாவி நுழைய முடியாது என்றார். "அப்ப அது துவாரத்துல ஒடிஞ்ச சாவி" என்றேன். "கரெக்ட், ஆனா கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வெளிய வந்துரும், அதனாலதான் தினமும் போடணும்" என்றார். ஒரு வீட்டில் எல்லாக் கதவுக்கும் ஒரே மாதிரிப் பூட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? திருடன் வருகிற வாசல் கதவை அடைக்கப் போய், கைக் கதவு, கால் கதவு, சிரிப்புக் கதவு எல்லாம் அடைபட்டுப் போயிற்று. பூட்டு செய்தவனைத்தான் உதைக்க வேண்டும்.

இப்போது கொடுப்பது வேறு மருந்து. பாதி திரும்புகிற சாவியாம். முழுக்க அடைக்காது, முழுக்கத் திறக்காது. முதல் வாரம் அதிலும் கால் பரபரத்தது. சொன்னேன். அன்றைக்கே குறைத்தார்கள். சொன்ன அன்றைக்கே, அக்கா! நான் சொன்னதைத் தாளில் நான் சொன்னபடியே எழுதினார்கள். ஆறு வருடத்தில் எனக்கு இது ஒரு தடவை கிடைத்ததா?

குரல்கள் ஒழிந்துவிடவில்லை. அடுத்த தெருவுக்குக் குடி போன மாதிரி இருக்கின்றன. சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை. மருந்து இல்லாமல் என்னால் முடியாது என்பது இப்போது எனக்குத் தெரியும். உன் மகளைப் பூட்டிவைத்ததும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதில் உனக்கு வேலை இல்லை, வாங்கிப் படிக்காதே.

ஆனால் உன் மேல் இருக்கிற கோபம் இறங்கவில்லை. டாக்டரிடம் கேட்டேன், இதுவும் மணி அடிக்கிறதாலா என்று. "இல்ல சார், இது உங்க கோபம்தான்" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. நீ எனக்கு நல்லதுதான் செய்ய நினைத்தாய், தெரியும். என் புத்தியில் மிச்சம் இருந்த ஒரே நல்ல இடம் "நம்மை ஏமாற்றுகிறார்கள்" என்று சொன்னபோது, நீ அதையும் பைத்தியம் என்று சொன்னாய். அதற்குப் பிறகு எந்த நினைப்பை நான் நம்புவேன்?

அடுத்த வாரம் விடுகிறார்கள். முதலாளி அறையை வைத்திருக்கிறார், ஒரே ஒரு பூட்டு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கேதான் இருப்பேன். மாத்திரையை என் கையால் போடுவேன். "போட்டியா?" என்று நீ கேட்கக் கூடாது. கடிதத்திலும் கூடாது. பேத்தியை விட்டுக் கேட்கச் சொல்வதும் கூடாது, உன்னைத் தெரியும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். என் சாப்பாட்டை டப்பாவில் நானே கொண்டு வருவேன், தண்ணீரும்தான். உன் மேசையில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிடுவேன். உன்னை அவமானப்படுத்துவதற்காக இல்லை. உன் டீயை எடுத்தால் இப்போதும் நாக்கு அடியில் வேறு ருசி இருக்கிறதா என்று தேடும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இப்படி என்று எனக்குத் தெரியாது. உன்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்றால் இப்போதே எழுதிவிடு.

தம்பி

ஜூன் 25

தம்பிக்கு,

அறுபது பேர் என் கையால் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடுங்க என்கிறார்கள். என் கூடப் பிறந்தவன் என் வீட்டு மேசையில் டப்பாவைத் திறப்பான், நான் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வேறு அன்றைக்கு வருகிறார். பார்க்கிறேன். வா.

உன் அரைவேக்காட்டுச் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். டப்பாவுக்குள் எட்டிப் பார்க்க மாட்டேன். நீ கேட்கக் கூடாது என்று சொன்னதைக் கேட்க மாட்டேன், பல்லைக் கடித்துக்கொள்வேன். கோபத்தை நீயே வைத்துக்கொள், உனக்கு உரிமை உண்டு. எனக்கும் என் கோபம் இருக்கிறது. "உன் மகளைப் பூட்டினேன்" என்று என்னிடம் ஒரு வரி எழுத உனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

உனக்கு உப்புப் போடத் தெரியாது. உப்புப் பாக்கெட் ஒன்று புதிதாக வாங்கி மேசை மேல் வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. வந்து நீயே பிரித்துப் போட்டுக்கொள்.

அக்கா